கிளைட் ஐயாவின் பிரசங்கமும் றோசா ரீச்சரின் தமிழும்

தொண்ணூறுகளில் மொன்றியலில் பிரசங்கம் கேட்டுக் கண் கலங்கிய தமிழர்களைப் பிடித்து, உங்களை அழவைத்தது யார் என்று கேட்டால், அரைவாசிப் பேர் "கிளைட் ஐயா" என்பார்கள். பாவங்கள். கிளைட் ஐயாவுக்கு "வணக்கம்" என்பதே தும்மல் மாதிரித்தான் வரும். அழவைத்தது அவருக்குப் பக்கத்தில், சீலைக்கு மேல் சாம்பல் நிறக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற றோசா ரீச்சர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை இவர் தமிழில் சொல்வார். சொல்வார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

றோசா ரீச்சர் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவர். மொன்றியலுக்கு வந்து, ஷபனெல் தெருவில் பெர்ல்மன் என்ற யூதக் கிழவரின் தையல் தொழிற்சாலையில் கோட்டுகளுக்குக் கை பொருத்தினார். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்கிற துணிச்சல் உள்ளவர்களுக்கு, "அந்த நேரம் பிள்ளையளின்ரை கட்டுரை திருத்திக்கொண்டு இருந்திட்டன்" என்ற பதில் கிடைக்கும். அஹுன்ட்சிக் பகுதியில் சின்ன வீடு. யன்னலோரம் ஒரு டெலிபோன், பக்கத்தில் ஒரு கதிரை. அந்தக் கதிரையின் மெத்தை மட்டும் நன்றாகத் தேய்ந்திருக்கும்.

ஆள் அசல் கத்தோலிக்கர். காலையில் பூசை. ஆனால் பின்னேரத்தில் அல்லேலூயா. இந்த இரண்டாவதற்குக் காரணம் பாஸ்டர் மரியதாசன். கிழமை நாட்களில் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றுவார். ஞாயிறு பின்னேரம் ஒரு பிரெஞ்சுத் தேவாலயத்தின் நிலவறையில் தமிழ்ச் சபை நடத்துவார். அவருடைய ஆங்கிலம் பெட்டி ஏற்றப் போதும், ஆத்துமாவை ஏற்றப் போதாது. தொண்ணூற்று மூன்றில் அமெரிக்காவிலிருந்து ஒரு போதகர் வருகிறார் என்றதும், ரீச்சரின் வாசலில் வந்து நின்றார்.

"ரீச்சர், ஒரே ஒரு நாள். உங்கடை மாதா கோவிக்கமாட்டா."

"மாதா கோவிக்கமாட்டா. பங்குத்தந்தை கோவிப்பார்."

"அவருக்குத் தமிழ் தெரியாதுதானே, ஆர் சொல்லப்போகினம்?"

அந்த ஒரே ஒரு நாள் வருடா வருடம் வந்தது.

பாஸ்டர் கிளைட் ஒஹாயோவில் ஆப்பிள் தோட்டக்காரர். ஒக்டோபரில் பறிப்பு முடிந்ததும் தன் வான் வண்டியில் ஆப்பிள் பெட்டிகளை ஏற்றி, பெட்டிகளுக்கு மேல் சுருட்டிய படச்சீலை ஒன்றைக் கிடத்தி, எல்லை தாண்டி வந்துவிடுவார். ஏறக்குறைய ஏழடி மனிதர். குழந்தைகளைக் கண்டால் முழங்காலில் நின்றுதான் கதைப்பார். நல்ல மனிதர். இதை முதலே சொல்லி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் பிறகு வருவதைக் கேட்டு ஆளைப் பிழையாக நினைத்துவிடுவீர்கள்.

அந்தச் சீலையில்தான் உலகமே இருந்தது. இடது மூலையில் ஆதாம், வலது மூலையில் அக்கினிக் கடல், நடுவில் கொம்பு முளைத்த மிருகங்கள், எக்காளம் ஊதும் தூதர்கள். கம்பியில் உடுப்புக் கொழுவும் கிளிப்பால் மாட்டிவிட்டு, கிளைட் ஐயா விளக்கத் தொடங்குவார். ஆபிரகாமுக்குக் கடவுள் வாக்குக் கொடுத்தார்: உன்னை ஆசீர்வதிக்கிறவனுக்கு ஆசீர்வாதம், சபிக்கிறவனுக்குச் சாபம். ஆகவே இஸ்ரேலோடு நிற்கிற தேசம் உயரும். பிரிட்டன் யூதர்களின் கப்பல்களைத் திருப்பி அனுப்பியது. அதன் சாம்ராஜ்யம் எங்கே? அமெரிக்கா நாற்பத்தெட்டில் முதல் ஆளாக அந்த நாட்டை அங்கீகரித்தது. பாருங்கள் எங்கள் வயல்களை! யூதர்கள் எல்லோரும் தங்கள் நிலத்துக்குத் திரும்பினால்தான் இயேசு திரும்பி வருவார். ஆகவே போன் எடுங்கள். வாஷிங்டனுக்கு எடுங்கள். அமெரிக்கத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

போன் விசயத்தில் அவர் சும்மா கதைக்கிற ஆளும் அல்ல. ஒரு போதகர் பத்துப் பேருக்கு எடுப்பார், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு. மேலே எத்தனை என்று பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போனவர்களைக் கேளுங்கள். எப்படியோ, பின்னேரத்துக்குள் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸில் உள்ள டெலிபோன் எல்லாம் அலறும். தொண்ணூற்றைந்தில் தூதரகத்தை மாற்றும் சட்டம் காங்கிரஸில் நிறைவேறியபோது, கிளைட் ஐயா அதைத் தன் தோட்டத்தில் காய்த்தது மாதிரிக் கொண்டாடினார். தூதரகம் என்னவோ அசையவில்லை. அது வேறு கதை.

பிசகு ஒரு பேஸ்போல் பகிடியில் தொடங்கியது. முதல் வருடம், கிளைட் ஐயா பேஸ்போல் விளையாட்டுக்காரன் ஒருவன் மோட்சத்துக்குப் போன கதையைச் சொல்லிவிட்டு, சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ரீச்சருக்குப் பேஸ்போல் தெரியாது. சபைக்கும் தெரியாது. ஏழடி மனிதர் ஒருவர் சிரிப்புக்காகக் காத்து நிற்பதைப் பார்க்க ரீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"ஒருத்தன் பனிக்குள்ளை நூற்றியிருபத்தோராம் நம்பர் பஸ்ஸுக்கு நிண்டு விறைச்சுச் செத்துப்போனான்," என்றார் ரீச்சர். "மேலை போனால், பேதுரு சொல்லுறார், தம்பி, உனக்கு நரகம்தான், அங்கை சரியான சூடு. அவன் கேட்டானாம், ஐயா, அங்கை போற பஸ் எத்தினை மணிக்கு?"

நிலவறை அதிர்ந்தது. பிரெஞ்சுத் தேவாலயத்தின் காவல்காரர் படியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். கிளைட் ஐயாவின் முகம் பூசணிக்காயாக மலர்ந்தது. ஒஹாயோவில்கூட அந்தப் பகிடிக்கு இப்படிச் சிரித்தவர்கள் இல்லை.

ருசி கண்ட பிறகு விடுவாரா? அடுத்தது போன். "உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்குப் போன் எடுங்கள்" என்றார் கிளைட் ஐயா. முன்னால் இருந்தவர்களில் பலருக்கு இன்னும் அகதி விசாரணையே முடியவில்லை. ரீச்சர் அவர்களைப் பார்த்தார். "போன் எடுங்கோ," என்றார். "தனிய இருக்கிற ஆக்களுக்கு எடுங்கோ. நேற்று வந்திறங்கினவைக்கு எடுங்கோ. சாப்பிட்டியளோ எண்டு கேளுங்கோ." சபை "ஆமென்" என்றது. கிளைட் ஐயாவும் "ஆமென்" என்றார். பத்துக் கொம்பு மிருகம் இமிகிரேஷன் ஒபிஸாகியது. சீலையில் இருந்த உலகத்தின் ஏழு காலங்கள், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் வீட்டில் தொடங்கி பிரஜாவுரிமையில் முடிகிற ஏழு கட்டங்களாகின.

இவ்வளவும் குறும்பு என்றால் குறும்புதான். தொண்ணூற்றாறுக்குப் பிறகு அது குறும்பு இல்லை. அந்த வருடம், சபைக்குத் தவறாமல் வரும் அக்னெஸின் மகன் டெரன்ஸ் கிளிநொச்சிப் பக்கம் விமானக் குண்டில் செத்துப்போனான். அடித்தது கிபிர் விமானம். இலங்கை அரசு இஸ்ரேலிடம் வாங்கியது. இது சபையில் இருந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கிளைட் ஐயாவுக்கு மட்டும் தெரியாது. அந்த ஒக்டோபரில் அவர் கை இரண்டையும் விரித்து, இஸ்ரேலை ஆசீர்வதியுங்கள் என்றபோது, அக்னெஸ் முன்வரிசையில், மடியில் கைகளைப் போட்டுக்கொண்டு இருந்தார். ரீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு, "வீடு வாசலை இழந்து வந்தவனை ஆசீர்வதிக்கிறவனை, கடவுள் ஆசீர்வதிப்பார்," என்றார். அதற்குப் பிறகு தமிழ்ப் பிரசங்கத்தில் இஸ்ரேல் என்ற சொல்லே இல்லை. கிளைட் ஐயாவோ ஊருக்குப் போய், மொன்றியலில் தமிழர் என்று ஒரு சனம், இஸ்ரேலுக்காகக் கண்ணீர் விடுகிறது, அப்படி ஒரு விசுவாசத்தை நான் கண்டதில்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றேழு ஆவணியில் ரீச்சரின் தம்பி எமிலியானுஸ், இன்னொருவனின் பாஸ்போர்ட்டில் நியூயோர்க்கில் வந்து இறங்கி, மொன்றியலுக்கு விமானம் மாறுவதற்கு முன்பே பிடிபட்டான். அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்த நேரம். ஆளைக் கொண்டுபோய் யன்னல் இல்லாத ஒரு மறியல் கட்டடத்தில் அடைத்தார்கள். கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலிருந்து எங்கே கொண்டுபோவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிறுகளில் அங்கிருந்து போன் வரும்.

"அக்கா, இஞ்சை பகலோ இரவோ தெரியேல்லை. லைட் நூக்கிறதே இல்லை."

"சாப்பிடுறியோ?"

"ஓம். எல்லாத்துக்கும் மேலை ஒரு சீஸ் போடுவாங்கள். அக்கா, என்னை அனுப்பிப்போடுவாங்களோ?"

"விசர்க்கதை கதையாதை," என்பார் ரீச்சர். போனை வைத்த பிறகு அந்தக் கதிரையிலேயே இருப்பார்.

வழக்கறிஞர் சொன்னது இதுதான்: அமெரிக்கக் குடிமகன் ஒருவர் பொறுப்பேற்று, காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் அலுவலகமும் விசாரித்தால், வழக்கு முடியும்வரை வெளியே விடுவார்கள். இல்லாவிட்டால் கஷ்டம்.

ரீச்சர் ஒரு கோட்டுக்குக் கையை மாறிப் பொருத்தியதைப் பெர்ல்மன் கண்டுவிட்டார். கதையைக் கேட்டார். கிளைட் ஐயாவைப் பற்றி, அவருடைய சீலையைப் பற்றி, போன் சங்கிலியைப் பற்றி எல்லாம் ரீச்சர் சொன்னார்.

"அந்தச் சீலையின் கடைசிக் கட்டத்தில் எங்களுக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டார் பெர்ல்மன்.

"கொஞ்சப் பேர் இயேசுவை ஏற்றுக்கொள்வார்கள், சேர். மற்றவர்கள்..." ரீச்சர் நூலைக் கடித்தார்.

"விளங்குது, விளங்குது." கிழவர் சிரித்தார். "என் மைத்துனன் டெல் அவிவில் இருக்கிறான். உதவி யார் தந்தாலும் வாங்குவான். நானும் வாங்குவேன். கடைசித் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிடுவேன். கத்தரிக்கோலுக்கா இங்கே பஞ்சம்?" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எங்கள் ஆட்கள் வந்த ஒரு கப்பலை இந்த நாடும் ஏற்கவில்லை, றோசா. என் அறையில் போன் இருக்கிறது. போய் அந்த ஆப்பிள்காரனுக்கு இப்பவே எடு."

எடுத்தார். மறுமுனையில் கிளைட் ஐயா அழுதேவிட்டார். "சகோதரி, கர்த்தர் எப்படி வழி திறக்கிறார் பாருங்கள்! இந்த முறை எங்கள் காங்கிரஸ்காரரின் அலுவலகத்திலிருந்து டொனலி என்பவரை அழைத்து வருகிறேன். இஸ்ரேலுக்காக நிற்கும் உங்கள் சனத்தை அவர் கண்ணால் பார்க்கவேண்டும் என்கிறார். பார்த்த பிறகு, தம்பியின் விசயத்தை நீங்களே கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அவர் இல்லையென்று சொல்லவே மாட்டார்!"

ரீச்சர் போனை வைத்தார். நான்கு வருடமாகத் தன் வாயால் கட்டிய கோபுரம் தன் தம்பியின் தலைக்கு மேலேயே சாய்ந்துகொண்டு நிற்பதை அப்போதுதான் கண்டார்.

ஒக்டோபர் ஞாயிறு வந்தது. சபை நிரம்பியிருந்தது. டொனலி ஒல்லியான இளைஞர், நல்ல சப்பாத்து, கையில் பேனை. சீலை ஏறியது. பிரசங்கம் நடந்தது. கிளைட் ஐயா ஜெருசலேமைப் பற்றிச் சொன்னார். ரீச்சர் லாசாலில் புதிதாக வந்திறங்கிய குடும்பத்துக்குப் போர்வை தேவைப்படுவதைப் பற்றிச் சொன்னார். எல்லாம் வழக்கம்போலப் போய் முடிந்திருக்கும். ஆனால் முடிவில் டொனலி எழுந்தார்.

"நீங்கள் இஸ்ரேலோடு நிற்கும் விதத்தை எங்கள் மாவட்டம் முழுக்கக் கதைக்கிறார்கள்," என்றார். "பாஸ்டரின் போதனையைக் கேட்டு என்ன செய்தீர்கள்? உங்கள் வாயாலேயே கேட்க ஆசைப்படுகிறேன்."

ரீச்சர் சபைப் பக்கம் திரும்பினார். இதுவரை ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது. இனி தமிழ் போய் ஆங்கிலம் வரவேண்டும்.

"கிளைட் ஐயா சொன்னதைக் கேட்டு நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு இவர் கேக்கிறார்," என்றார். பழக்கதோஷம், இஸ்ரேல் அதிலும் விழுந்துபோனது.

டாக்சி ஓட்டுகிற சிவநேசம் முதலில் எழும்பினார். "ஐயா போன் எடுக்கச் சொன்னவர். நான் ஒவ்வொரு செவ்வாயும் அருளம்பலத்தாருக்கு எடுக்கிறனான். அந்த மனிசன் ஒருக்காலும் ஒரு நல்ல கதை கதைக்காது. எண்டாலும் எடுக்கிறன்."

"நீ எடுக்கிறது என்ரை மனிசி இண்டைக்கு என்ன கறி எண்டு கேக்க!" என்று பின்வரிசையிலிருந்து அருளம்பலம் கத்தினார். சனம் சிரித்தது.

டொனலி ரீச்சரைப் பார்த்தார். ரீச்சருக்கு அந்த யன்னல் இல்லாத கட்டடம் கண்ணுக்குள் வந்தது. "ஒவ்வொரு செவ்வாயும் தவறாமல் போன் எடுக்கிறாராம்," என்றார் ஆங்கிலத்தில்.

"அற்புதம்! யாருக்கு? ஒட்டாவாவுக்கா?"

"ஒரு மூத்த பிரமுகருக்கு," என்றார் ரீச்சர். அருளம்பலம் தன் வாழ்நாளில் பெற்ற ஒரே பட்டம் அது. டொனலி எழுதிக்கொண்டார். கிளைட் ஐயா கைதட்டினார். இப்படியே இரண்டு மூன்று பேர் கதைத்து உட்கார்ந்திருந்தால், எமிலியானுஸ் தப்பிவிடுவான்.

அக்னெஸ் எழும்பினார்.

"ரீச்சர்," என்றார், "நான் சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் அவைக்குச் சொல்லுங்கோ."

"சொல்லுங்கோ அக்னெஸ்."

"என்ரை மகன் போன வருஷம் கிபிர் அடிச்சுச் செத்தவன். அந்தப் பிளேன் இஸ்ரேல் செஞ்சு வித்தது. அதுக்குப் பேந்து எனக்குச் சோறு இறங்கேல்லை. கதவு திறக்கேல்லை. சாவம் எண்டுதான் இருந்தனான். இந்த ஐயா வந்து, வீடு வாசல் இழந்தவனை ஆசீர்வதியுங்கோ, தனிய இருக்கிறவைக்குப் போன் எடுங்கோ எண்டு சொன்னவர். அண்டையிலையிருந்து ஒவ்வொரு பின்னேரமும் ஆரோ ஒராள் எடுப்பினம். நான் எடுக்காட்டில் வீட்டை வந்து கதவைத் தட்டுவினம். அந்தப் போனாலைதான் நான் இருக்கிறன். ஐயாக்கு நன்றி சொல்லவேணும் எண்டு கனநாளாய் நினைச்சனான்."

அக்னெஸ் உட்கார்ந்தார். ரீச்சரிடம் ஆங்கிலம் நிறைய இருந்தது. இதையும் வளைக்க வழி இருந்தது. மகனை வெட்டி, விமானத்தை வெட்டி, நன்றியை மட்டும் எடுத்து, இஸ்ரேலின் தோளில் பொருத்தியிருக்கலாம். கை பொருத்துவதுதானே அவர் தொழில். மேடையில் இருந்த ஒருவருக்கும் தெரியவந்திருக்காது.

அவர் சொன்னார். மகன், கிபிர், இஸ்ரேல், கதவு, போன், நன்றி. அதே வரிசையில், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். பிரசங்க மேடையில் அவர் செய்த முதலாவது ஒழுங்கான மொழிபெயர்ப்பு அதுதான்.

டொனலியின் பேனை நின்றுவிட்டது. கிளைட் ஐயா அக்னெஸைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார், கடைசியில் ரீச்சரைப் பார்த்தார்.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை, பாஸ்டர். நான் சொன்னேன்."

சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியதாசன் நிலைமையைக் காப்பாற்ற அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்குள் கிளைட் ஐயாவும் ரீச்சரும் நிலவறைக் குசினிக்குள் போனார்கள். டொனலி வானில் போய் ஏறிவிட்டார்.

"எப்போதிருந்து?" என்றார் கிளைட் ஐயா.

"பேஸ்போல் பகிடியிலிருந்து."

ஏழடி மனிதர் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார். "பகிடியுமா? எவ்வளவு சிரித்தார்களே!"

"அது பஸ்ஸுக்குச் சிரித்தது, பாஸ்டர்."

இஸ்ரேலைவிட அதுதான் அவரை அதிகம் சுட்டது போலிருந்தது. பிறகு கோபம் வந்தது. "நான் தேவனுடைய வார்த்தையைக் கொண்டு வந்தேன். நீங்கள் அதை வாசலில் வைத்துவிட்டு உங்களுடையதைக் கொண்டு உள்ளே போனீர்கள். இன்றைக்காவது மறைத்திருக்கலாம். உங்கள் தம்பிக்காக. ஏன் மறைக்கவில்லை?"

"அக்னெஸ் கூட்டாமல் குறைக்காமல் சொல்லச் சொன்னா," என்றார் ரீச்சர். வேறு காரணம் அவருக்கும் தெரியவில்லை. தம்பியைப் பற்றி ஒரு சொல் கேட்க வாய் வரவில்லை. கேட்கிற உரிமை போய்விட்டது என்று நினைத்தார்.

வான் போய்விட்டது. ஆப்பிள் பெட்டிகளை மட்டும் வழக்கம்போல இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். கோபத்திலும் பிள்ளைகளின் ஆப்பிளை மறக்காத மனிதர் மேல் கோபப்பட முடியாமல் ரீச்சர் அன்றைக்கு மிகவும் கஷ்டப்பட்டார்.

எமிலியானுஸின் போன் வந்தபோது நடந்ததைச் சொன்னார்.

"அக்கா, நீங்கள் சோதினை மண்டபத்திலை பார்த்தெழுதின சொந்தத் தம்பியையே பிடிச்சுக் குடுத்த ஆள்தானே. உங்களிட்டை வேறை என்னத்தை எதிர்பார்க்கிறது?"

"கோவமோ?"

"இல்லை. அந்த அன்ரிக்கு நானும் ஒரு நாள் போன் எடுக்கவேணும்."

ஒஹாயோ போகும் வழியெல்லாம் வானுக்குள் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. கிளைட் ஐயா எமிலியானுஸின் கதையை எடுத்தார். டொனலி மறுத்துவிட்டார். "பாஸ்டர், எங்கள் மாவட்டச் சனம் ஜெருசலேமுக்காகப் போன் எடுக்கிறது. மறியலில் இருக்கிற தமிழனுக்காக ஒருவரும் எடுக்கவில்லையே," என்றார்.

இதைக் கிளைட் ஐயாவிடமா சொல்வது?

வீட்டுக்குப் போன கையோடு அவர் பத்துப் பேருக்குப் போன் எடுத்தார். அந்தப் பத்துப் பேர் ஆளுக்குப் பத்துப் பேருக்கு. தமிழர் என்றால் உடுப்பா உணவா என்று தெரியாத ஆப்பிள்காரர்களும், பல் வைத்தியர்களும், தேவாலயத்தில் பியானோ வாசிக்கிற கிழவிகளும் எமிலியானுஸ் என்ற பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி உடைத்துக்கொண்டு காங்கிரஸ்காரரின் அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு கிழவி அவனை எமிலி என்ற சின்னப் பெண் என்று நினைத்து அழுதாளாம். ஜெருசலேமுக்காகக் கட்டிய போன் சங்கிலி, ஊர்காவற்றுறையில் பிறந்த ஒருவனுக்காக இழுபட்டது. டொனலிதான் எல்லாப் போனையும் எடுக்கவேண்டி வந்தது. கடைசியில், இனிப் போன் எடுக்கவேண்டாம் என்று அவரே சொல்லி, விசாரணைக் கடிதத்தை அனுப்பினார். கிளைட் ஐயா தன் பெயரில் பொறுப்பேற்று, நியூயோர்க்குக்கு வானை ஓட்டிப்போய், எமிலியானுஸை ஏற்றினார்.

ஷபனெல் தொழிற்சாலைக்குத்தான் போன் வந்தது. பெர்ல்மன் ஓடிவந்து கூப்பிட்டார். எமிலியானுஸின் குரல், "அக்கா, வெளியிலை நிக்கிறன். இருட்டாய் இருக்கு. வடிவாய் இருட்டாய் இருக்கு," என்றது. பிறகு கிளைட் ஐயா.

"ஏன் பாஸ்டர்?" என்று மட்டும்தான் ரீச்சரால் கேட்க முடிந்தது. "நான் உங்களுக்குச் செய்ததற்குப் பிறகும்?"

"என் சீலையில் ஒரு கோடும் மாறவில்லை, சகோதரி. ஆபிரகாமுக்குச் சொன்னதை முழுக்க நம்புகிறேன். ஆனால் இருபது வருடமாக வாஷிங்டனுக்குப் போன் எடுக்கிறேன். உன் போனால் உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை."

ரீச்சர் அழுதார். பெர்ல்மன் ஒரு கோட்டின் கைத் துண்டை எடுத்து நீட்டினார். அதுதான் கைக்கு எட்டியது.

"இன்னொன்று," என்றது போன். "அடுத்த வருடம் நான் சொல்வதைத்தான் நீங்கள் சொல்லவேண்டும். பேஸ்போல் உட்பட."

எமிலியானுஸ் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆப்பிள் மரங்களுக்குக் கிளை வெட்டினான். இளவேனிலில் எல்லையில் முறைப்படி அகதி விண்ணப்பம் கொடுத்து, அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வந்த அன்றே யன்னல் சீலையை இழுத்து மூடி, லைட்டை நூத்துவிட்டு, பின்னேரம்வரை நித்திரை கொண்டான். ரீச்சர் குசினியில் சத்தமில்லாமல் சமைத்தார்.

தொண்ணூற்றெட்டு ஒக்டோபருக்கு முன் ரீச்சர் அக்னெஸின் வீட்டுக்குப் போனார். நான்கு வருடக் கதையையும் சொன்னார். "இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லப்போறன். கேக்கக் கஷ்டமாய் இருக்கும். நீங்கள் வராமல் விடுங்கோ."

"எனக்குத் தெரியும் ரீச்சர்," என்றார் அக்னெஸ். "ஐயா கைகாட்டினது சீலையிலை இருந்த மிருகத்தை, நீங்கள் சொன்னது இமிகிரேஷனை. அந்த ஐயா ஒஹாயோவிலை இருந்து வந்து இமிகிரேஷனைப் பற்றி ஏன் இவ்வளவு கோவிக்கப்போறார்? நான் வாறன். அவர் உண்மையாய் என்ன சொல்லுறார் எண்டு ஒருக்காக் கேப்பம்."

ரீச்சர் சொன்னபடியே செய்தார். ஆபிரகாம், பிரிட்டன், நாற்பத்தெட்டு, தூதரகம், எல்லாம் வந்தன. சனம் நெளிந்தது. "கிளைட் ஐயாக்கு இந்த முறை சுகமில்லையோ?" என்று சிவநேசம் அருளம்பலத்தின் காதில் கேட்டார். பேஸ்போல் பகிடி வந்தபோது நிலவறையில் ஒரே ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். எமிலியானுஸ். பண்ணையில் கிளைட் ஐயா அவனுக்குப் பேஸ்போல் பழக்கியிருந்தார். ஒரு ஆள் சிரித்ததே அவருக்குப் போதுமாயிருந்தது.

முடிந்ததும் அக்னெஸ் எழும்பி முன்னுக்கு வந்தார். ரீச்சர் நடுவில் நின்றார்.

"ஐயா, உங்கடை ஆக்கள் போன் எடுத்தால் அமெரிக்காவிலை சட்டமே மாறும் எண்டு சொன்னியள். ரீச்சரின்ரை தம்பியும் அப்பிடித்தான் வந்தவன். அதுக்கு எப்பவும் நன்றி. அப்ப, இஸ்ரேல் அந்தப் பிளேனை இனி விக்கவேண்டாம் எண்டும் ஒருக்காப் போன் எடுப்பியளோ?"

ரீச்சர் அப்படியே சொன்னார். கிளைட் ஐயா சீலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பிள்ளைகளோடு கதைக்கிற மாதிரி முழங்காலில் இறங்கி, அக்னெஸின் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "அம்மா, எனக்குத் தெரியவில்லை. அதற்கு என்னிடம் ஒரு வசனமும் இல்லை. நான் யோசிக்கவேண்டும்."

"தனக்குத் தெரியேல்லையாம்," என்றார் ரீச்சர். "அதுக்குத் தன்னட்டை வசனம் இல்லையாம். யோசிக்கவேணுமாம்."

அக்னெஸ் தலையாட்டினார். "யோசிக்கட்டும். என்ரை நம்பரைக் குடுங்கோ. யோசிச்சுப்போட்டு எனக்கு எடுக்கட்டும்."

கிளைட் ஐயா சட்டைப் பையில் பேனை தேடினார். ரீச்சர் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக, ஆறுதலாக, ஆங்கிலத்தில் சொன்னார்.